ஊரை எழுதி வைத்த கோயிற்பற்றுகள்



உங்கள் உம்மாவின் நிக்காஹ் எந்த ஆண்டு நடந்தது, எந்தப் பதிவுகாரர் அதை எழுதினார், அந்தப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்களா? உம்மாவின் நிக்காஹைப் பற்றி ஒருவாறு சொல்லிவிடலாம். மூத்தம்மாவின் நிக்காஹ்? அவருடைய உம்மாவின் பெயர்? நம்மில் பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தலைமுறையோடு பெண்களின் பெயர் நின்றுபோகிறது. ஆண்களின் பெயராவது பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெண்ணின் பெயருக்கு அந்த வசதியும் இல்லை.

இதை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் சொல்லப்போவது நம்முடைய பள்ளிவாசல்களைப் பற்றி அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தேவாலயங்களைப் பற்றியும், அவற்றைச் சுற்றி இருந்த ஊர்களைப் பற்றியும். ஒரு மௌலவிக்கு இந்த விஷயம் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் போனால் வருவது அளவெட்டி. செம்மண் பூமி. ஆறு கிடையாது, கிணற்றை நம்பித்தான் தோட்டம். வெங்காயமும் புகையிலையும் விளையும். கும்பழாவளைப் பிள்ளையார் கோயில், நாதஸ்வரம் பத்மநாதன், தவில் தட்சிணாமூர்த்தி, 'மஹாகவி' என்ற பெயரில் எழுதிய கவிஞர் உருத்திரமூர்த்தி என்று இசைக்கும் எழுத்துக்கும் பேர்போன ஊர். சைவர்கள் நிறைந்த ஊர். அங்கே போய்த் தேவாலயத்தின் கதையைத் தேடுவானேன்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே தெல்லிப்பழை, தென்கிழக்கே மல்லாகம், மேற்கே பண்டத்தரிப்பு, தென்மேற்கே சங்கானை. இந்த நான்கு ஊர்களும் போர்த்துக்கேயர் காலத்தில் தேவாலயம் கட்டப்பட்ட ஊர்கள். நான்கு கோயில்களுக்கு நடுவில் இருந்தது அளவெட்டி. ஓர் ஊர் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தது என்பதே அன்று அந்த ஊரின் விலாசம். அதற்கு வைத்த பெயர் 'கோயிற்பற்று'. ஒரு கோயிலைப் பற்றி நிற்கும் ஊர்கள் என்று பொருள். இங்கே கோயில் என்றால் மாதா கோயில்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களுடைய தளபதி பிலிப் தெ ஒலிவேராவின் கையால் இடிக்கப்பட்டது. அதன் பிறகு குடாநாடெங்கும் தேவாலயங்கள் எழுந்தன. முதலில் மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்தவை பின்னர் கல்லால் கட்டப்பட்டன. பவளப் பாறைக் கல், சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்து, பனைமரத் தீராந்தி, இவைதான் பொருள்கள். எல்லாம் அங்கேயே கிடைப்பவை. கட்டியவர்களும் அங்கேயே கிடைத்தவர்கள்தான். கூலி கொடுத்துத்தான் கட்டினார்கள் என்று நம்புவதற்கில்லை. ஊழியம் என்று ஒரு வரி இருந்தது. பணத்துக்குப் பதிலாக உடம்பால் கட்டும் வரி. ஒல்லாந்தர் காலத்தில் சோனகர்களும் அந்த ஊழியத்துக்கு ஆட்பட்டார்கள்.

இந்தப் போர்த்துக்கேயர் நமக்கும் வேண்டியவர்களாக இருக்கவில்லை. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியவர்கள் அவர்கள். கண்டி மன்னர் செனரத் இடம் கொடுத்து மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியிராவிட்டால் அந்த மக்களின் கதி என்னவாகியிருக்கும்! ஆகவே இந்தத் தேவாலயங்களைப் புகழ்ந்து எழுத நான் உட்காரவில்லை. அதே நேரத்தில், கட்டியவர்களின் கொடுமையைச் சொல்லிவிட்டுக் கட்டடத்தையும் அதற்குள் நடந்ததையும் பார்க்காமல் போவதும் நியாயமல்ல. மடங்கள், கிறிஸ்தவ ஆலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து, இடித்துத் தள்ளப்படாமல் காக்கப்பட வேண்டிய இடங்களாகச் சொல்லும் வசனம் சூரத்துல் ஹஜ்ஜில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

(போர்த்துக்கேயர் போய்விட்டார்கள், ஆனால் நம்முடைய வீட்டுக்குள்ளிருந்து போகவில்லை. அலுமாரி, மேசை, ஜன்னல், சாவி, இவையெல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்.)

தோம்பு

அலுமாரியைப் போலவே அவர்கள் விட்டுப்போன இன்னொரு சொல் 'தோம்பு'. பெயர்ப் பதிவேடு, காணிப் பதிவேடு என்று பொருள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள், தேவாலயங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் கோயில்கள் ஒரே நாளில் புரட்டஸ்தாந்துக் கோயில்களாக மாறின. பிலிப்பு பால்தேயு என்ற ஒல்லாந்துப் பாதிரியார் அந்த ஆண்டே யாழ்ப்பாணம் வந்து சில ஆண்டுகள் பணி செய்தார். ஊர் திரும்பிய பின் அவர் எழுதிய பெரிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அதில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் ஒவ்வொன்றையும் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு நீண்ட கட்டடம், பக்கத்தில் பாதிரியார் வீடு, சுற்றிலும் மரங்கள் அடர்ந்த பெரிய வளவு. அந்த வளவுதான் கோயிற்பற்றின் நெஞ்சுப் பகுதி.

அங்கே என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நடந்தது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் நடந்தது. வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் பாடம் மட்டும் சொல்லித் தரவில்லை, ஊரையும் எழுதினார். யார் பிறந்தார், யாருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, யாருக்கும் யாருக்கும் கலியாணம், யார் இறந்தார் என்று தோம்பில் ஏற்றினார். காணிக்குத் தனித் தோம்பு, ஆட்களுக்குத் தனித் தோம்பு. இன்னாருடைய காணி இன்ன கோயிற்பற்றில் இன்ன இறையில் இருக்கிறது என்று எழுதப்பட்டது. அரசாங்கம் வரி கேட்டு வரும்போதும், அண்ணன் தம்பி எல்லைச் சண்டை போடும்போதும் திறந்து பார்க்கப்பட்டது அந்த ஏடுதான்.

இதிலே ஒரு சூட்சுமம் இருந்தது. தேவாலயத்தில் பதியாத கலியாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்தில் தகராறு வரும். உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். என்ன செய்வார்கள் சனங்கள்? தேவாலயத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திருநீறு பூசினார்கள். ஒல்லாந்தரின் கணக்கில் யாழ்ப்பாணத்தில் ஏராளமான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததுமே தேவாலயங்கள் வெறிச்சோடிப் போயின. கூரை விழுந்தது. சுவருக்குள் மரம் முளைத்தது. கட்டாயத்தால் சேர்க்கப்பட்ட கூட்டம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற பாடத்தை வகுப்பில் நடத்தும்போது நான் இந்தக் கூரையில்லாத சுவர்களைச் சொல்வதுண்டு.

ஆனால் ஆட்கள் கலைந்த பிறகும் எழுத்துக்கு மதிப்புப் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி வைத்ததுதான் தேசவழமை. அது இன்றும் வட மாகாணத் தமிழர்களுக்குச் சட்டம். சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்து, பெண்ணுக்கு எது, பிள்ளைக்கு எது என்று சொல்கிறது. சரி பிழை வேறு விஷயம். முந்நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு சமூகத்தின் பெண்களுக்கு உரிய சொத்து எது என்பது எழுத்தில் ஏறிவிட்டது.

நம்முடைய மார்க்கத்தில் எழுதுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குர்ஆன் ஷரீபிலேயே மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் சோம்பல்படாமல் எழுதச் சொல்கிறது. சூரத்துல் பகராவில் 282ஆம் வசனம். ஓதும்போது மூச்சு வாங்கும் வசனம். நடைமுறையில் நாம் மிகக் குறைவாகப் பின்பற்றும் வசனமும் அதுவே என்பது என் எண்ணம்.

கூரையில்லாத சுவர்களுக்குள்

1815ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்த மிஷனரிமார் 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். ஆங்கிலேயத் தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களை யாழ்ப்பாணத்துக்குப் போக விட்டார். ஆளில்லாமல் கிடந்த பழைய கோயிற்பற்று வளவுகள் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த ஆண்டு அக்டோபரில் டானியல் பூவர் தெல்லிப்பழைக்கு வந்தார். அளவெட்டிக்காரர்கள் நடந்தே போய்விடக்கூடிய தூரம். அவர் கண்டது சுவர்கள் மட்டும் நின்ற தேவாலயம். அந்த வளவிலேயே 1816 டிசம்பரில் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். இன்றைய தெல்லிப்பழை யூனியன் கல்லூரியின் தொடக்கம் அதுதான்.

பிறகு வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஒவ்வொரு பழைய கோயிற்பற்றிலும் மிஷன் வளவு முளைத்தது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி. மானிப்பாயில் அச்சுக்கூடம், பிறகு வைத்தியசாலை. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை. வட்டுக்கோட்டைத் தேவாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்குப் பேராலயமாக இருக்கிறது. அளவெட்டியிலும் மிஷனின் சிறு சபையும் தேவாலயமும் ஏற்பட்டன. அந்த ஊர்க் கனகசபைப் புலவர் 'திருவாக்குப் புராணம்' என்ற காப்பியத்தை எழுதினார். வேதாகமக் கதையைத் தமிழ்ப் புராண நடையில் பாடியது. நம்முடைய உமறுப் புலவர் சீறாப் புராணம் பாடியதை நினைத்துக்கொள்ளுங்கள்; தமிழுக்கு எல்லா மார்க்கத்தாரும் செய்த சீர் ஒன்றுண்டு.

மிஷன் வளவு என்றால் ஒரு சிறு ஊர். நடுவில் தேவாலயம்; ஒரு பக்கம் பாதிரியார் வீடு, ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் விடுதியும், கிணறு, பனந்தோப்பு, உபாத்தியாயர்மாரின் வீடுகள். அந்த வளவுக்குள் வாழ்ந்தவர்கள் மிஷனை நம்பி வாழ்ந்தார்கள். சோறும் உடையும் படிப்பும் அங்கேயே. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கத் தர்மவான்களின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. மானிப்பாய்ப் பக்கத்துச் சதாசிவம்பிள்ளை 'ஆர்னால்ட்' ஆனார். உதயதாரகையை நடத்திய இரண்டு தமிழர்களின் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன்! பெற்ற தகப்பன் வைத்த பெயரை மாற்றிவிட்டு, கண் காணாத ஒருவரின் பெயரைச் சுமந்து திரிவது எனக்குச் சம்மதமில்லாத காரியம். வளர்ப்புப் பிள்ளைக்குக்கூடச் சொந்தத் தகப்பன் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும் என்பது நம்முடைய சட்டம்.

இனி நான் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: உடுவில்.

அளவெட்டிக்குத் தெற்கே சில மைல். அதுவும் பழைய கோயிற்பற்று வளவுதான். 1824இல் அங்கே ஹாரியட் வின்சுலோ என்ற மிஷனரி அம்மா பெண்களுக்கு விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுத்து வாசிப்புத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடும் பெண் என்று பொருள். நல்ல குடும்பத்துப் பெண் படிக்கக் கூடாது; படித்தால் மானம் போய்விடும். யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகளில்தான் அந்தப் பள்ளி ஆரம்பித்தது என்று ஒரு கதை உடுவிலில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தையல் பழகினால் சட்டை தருவேன் என்று அந்த அம்மா ஆசை காட்டினாராம். தையலுக்கு வந்த பிள்ளைகள் எழுத்தும் படித்தார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். படிப்பு முடித்து மணம் முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. பெண்ணைப் படிக்க வைத்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்த தாய் தகப்பனுக்கு அது ஒரு தைரியம். சீதனத்தை ஒழிப்பதற்குப் பதிலாக மிஷனும் அதையே கொடுத்துப் பெண்களைச் சேர்த்தது என்று குறை சொல்லலாம். குறைதான். ஆனால் மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டிய சமூகத்தில், கைக்கூலி என்றும் வீடு என்றும் நகை என்றும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் நாம் அந்தக் குறையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஹாரியட் அம்மா 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். 1840இல் வந்த எலைசா ஆக்னியூ என்ற மணம் முடிக்காத பெண்மணி அந்தப் பள்ளியை 1879 வரை நடத்தினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே அடங்கினார்.

அவருடைய நோக்கம் மதமாற்றம். அதில் ஒளிவு மறைவு இல்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோக்கத்தைக் கண்டுதான் சைவர்களின் தலைவர் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தம்முடைய சைவப் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, அவர்களுடைய முறையை அறிந்துகொண்டு தனக்கென்று ஒரு பள்ளியை எழுப்பினார். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஈமான் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் காரணமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பாமல் விட்ட பிறகு பதிலுக்கு ஒன்றைக் கட்டுவதற்கு வெகுகாலம் எடுத்துக்கொண்டோம். அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிக் கல்வி கல்வி என்று கதறி, கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது உடுவில் பள்ளிக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அறுபது ஆண்டென்றால் மூன்று தலைமுறைப் பெண்கள்.

கையெழுத்து

எழுதப் படித்த பெண் என்ன செய்வாள்? கடிதம் எழுதுவாள், வேதம் வாசிப்பாள், கடைக்கணக்குப் பார்ப்பாள். அவளுடைய கலியாணத்தன்று பதிவேட்டை முன்னால் வைத்தால் தன் பெயரைத் தானே எழுதுவாள். கைநாட்டு வேண்டியதில்லை, யாரோ எழுதிய பெயருக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. பழைய கோயிற்பற்றில் உபாத்தியாயர் எழுதிய பெயர் அவள். இப்போது எழுதுகிறவள் அவள்.

நமது நாட்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முந்தியது 1929ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் முந்தியது 1806இல் ஆங்கிலேயர் எழுத்தில் ஏற்றிய முகம்மதியர் சட்டக்கோவை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் கையெழுத்தைக் கேட்டது, வலியின் கையெழுத்தைக் கேட்டது. மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. பட்டம் பெற்ற பெண், வகுப்பறையில் நூறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பெண், வைத்தியர், எவராக இருந்தாலும் தன் நிக்காஹ் ஏட்டில் தன் கையால் ஓர் எழுத்து எழுதாமலே மனைவியாகிவிட முடிந்தது.

வலி என்பவர் ஷாபிஈ மத்ஹபில் நிக்காஹின் ருக்னுகளில் ஒருவர். அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. அந்தப் பாடத்தை நானே நடத்துகிறேன். ஆனால் வலி இருக்க வேண்டும் என்பது ஒன்று, பெண் கையெழுத்துப் போடக் கூடாது என்பது வேறொன்று. இரண்டாவதற்கு எந்தக் கிதாபில் ஆதாரம் இருக்கிறது? பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை எல்லா மிம்பர்களிலும் சொல்கிறோம். தன் விருப்பமில்லாமல் தகப்பன் மணம் முடித்து வைத்ததை முறையிட்டு வந்த கன்ஸா (ரலி) அவர்களின் நிக்காஹை நபியவர்கள் ரத்துச் செய்ததை ஹதீஸ் பாடத்தில் ஓதுகிறோம். கேட்ட சம்மதத்தை ஒரு வரியில் எழுதி அவளையே ஒப்பம் வைக்கச் சொன்னால் எந்த மத்ஹபுக்கு என்ன குறை வந்துவிடும்? சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பல ஆண்டுகளாகக் குழுக்கள் அமைத்துப் பேசினார்கள். நம்முடைய வீட்டுக் கலியாணத்தில் மகளைக் கொண்டு ஒரு காகிதத்தில் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்வதற்கு எந்தக் குழுவின் அறிக்கையும் வேண்டியதில்லை.

மற்றொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் பதியாத கலியாணம் செல்லாது. நம்முடைய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும். மார்க்கப்படி அது சரியே. ஈஜாபும் கபூலும் சாட்சிகளும்தான் நிக்காஹ், பதிவுப் புத்தகம் அல்ல. ஆனால் இந்தச் சலுகையைச் சாக்காக வைத்து, 'பிறகு பதியலாம்' என்று விட்டுவிட்டுப் பதியாமலே போன வீடுகள் எத்தனை! பிரிவினை என்று வரும்போது நஃபகா கேட்டுக் காதி நீதிமன்றத்தின் வாசலில் நிற்கும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது எது என்பதை அங்கே போய் நின்றவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு அக்டோபர்கள்

ஏட்டின் அருமை ஏடு தொலைந்த அன்றுதான் தெரியும். 1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கையில் ஒரு பையும் சிறிதளவு பணமும். நகையும் காணி உறுதியும் வழியிலே பறிபோயின. சோனகத் தெருவில் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த குடும்பத்துக்குத் தன் வீடு தன்னுடையது என்று காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்பது உம்மா சொல்லும் கதையாயிற்று.

அதே அக்டோபர் 30, ஐந்து ஆண்டுகள் கழித்து. 1995இல் இராணுவம் யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறி வந்தபோது வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இலட்சக்கணக்கான சனம், கொட்டும் மழை, நகர முடியாத நெரிசல். அந்த வலிகாமத்தில்தான் அளவெட்டி இருக்கிறது, உடுவில் இருக்கிறது, சங்கானை இருக்கிறது. தெல்லிப்பழைக்கு வடக்கேயிருந்த ஊர்கள் பலவும் 1990இலிருந்தே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. அந்தக் காணிகள் 2009இல் யுத்தம் முடிந்த பின்பே கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன. திரும்பி வந்தவர்கள் வேலியும் இல்லை, வீடும் இல்லை, எது யாருடைய வளவு என்றே தெரியவில்லை என்று கிணற்றை அடையாளம் வைத்துத் தேடினார்கள்.

இந்தத் தேதிப் பொருத்தத்தைச் சொல்லி, பார்த்தீர்களா பழிக்குப் பழி என்று பேசுபவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது பிழையான பேச்சு. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்த அளவெட்டித் தாய் நம்மை விரட்டியவள் அல்ல. அவள் இடுப்பில் செருகியிருந்ததும் ஒரு காணி உறுதிதான்.

2016இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: ஆட்சியுரிமை தொடர்பான 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம். பத்து ஆண்டு ஒருவர் காணியில் இருந்துவிட்டால் அது அவருக்கே சொந்தம் என்று கேட்கலாம் என்பது நாட்டின் பழைய விதி. ஆயுதக் குழுக்களின் செயலால் 1983 மே 1க்கும் 2009 மே 18க்கும் இடையில் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது இந்தச் சட்டம். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் கொடுத்தது. நம்மவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வழக்கென்றால் காகிதம் வேண்டுமே! உறுதி இல்லாதவர்கள் காணிப் பதிவகத்துக்கு அலைந்தார்கள். நிக்காஹ் பதிவின் பிரதியைத் தேடி மாவட்டப் பதிவாளரிடம் போனார்கள். விதவைகளுக்குத்தான் கஷ்டம் அதிகம். வீடு மாமனார் பெயரில்; கணவர் மௌத்து; தன்னுடைய நிக்காஹ் ஏடு யாழ்ப்பாணத்தோடு போயிற்று. அந்த வீட்டின் மருமகள் நான் என்று அவள் எதைக் காட்டுவாள்?

யாழ்ப்பாணம் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். நயினாதீவும் கோட்டையும் நல்லூரும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மானிப்பாய் வழியாகச் சங்கானைக்குப் போங்கள். அங்கே பழைய தேவாலயத்தின் இடிபாடு நிற்கிறது. பவளக் கல் சுவர், அரைவட்ட வளைவு, மேலே வானம். பிள்ளைகளைச் சுவரில் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் சுண்ணாம்பு உதிரும். அங்கிருந்து அளவெட்டிக்கும் தெல்லிப்பழைக்கும் அதிக தூரமில்லை. வட்டுக்கோட்டைத் தேவாலயத்துக்குள் போக விரும்பினால் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள்.

அந்தக் கோயிற்பற்றுகளில் எழுதப்பட்ட தோம்புகளைச் சுவர்களுக்குள் தேட வேண்டாம். ஒல்லாந்தர் விட்டுப்போன ஏடுகள் கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. முந்நூறு ஆண்டுப் பழைய மையில், யாரோ ஓர் உபாத்தியாயர் எழுதிய யாரோ சில பெண்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.